கொட்டகையில் தூங்கிய கார் மேடு ஏற மறுப்பது ஏன்?

கார் புறப்பட்டுவிட்டது! வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தேங்காய் உடைத்தாயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று.

ஏழு எட்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்ற அம்பாசடர் கார். அப்பா ஓட்டிய கார். அவர் காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இப்போது வீட்டில் கல்யாணம். "மாப்பிள்ளை அழைப்பு தாத்தா காரில்தான்" என்று பேத்தி பிடிவாதம் பிடிக்கிறாள். புதுப் பாட்டரி போட்டார்கள். பெட்ரோல் ஊற்றினார்கள். என்ஜின் இருமியது; புகை கக்கியது; பிறகு ஓடத் தொடங்கியது.

தெருமுனை வரை நன்றாகத்தான் போயிற்று. ரெயில்வே மேம்பாலம் வந்தது. பாதி ஏற்றத்தில் காருக்கு மூச்சு வாங்கியது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடவில்லை. முதல் கியருக்கு மாற்றிய பிறகும் நத்தையாக ஊர்ந்தது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான்.

"என்ஜின் போயிடுச்சு சார். ரிங் தேஞ்சிருக்கும். இறக்கிப் போர் பண்ணிடலாம்."

"எவ்வளவுப்பா ஆகும்?"

பதிலைக் கேட்டதும் வீட்டுக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார். "இந்தப் பணத்துக்கு வேறு காரே வாங்கலாமே!" என்பார் மைத்துனர். மறுநாள், பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் வந்து நிற்பார்.

அவசரப்பட வேண்டாம்!

நிற்கும் கார் தேயுமா?

ஓடுகிற கார் தேயும். நிற்கிற கார் தேயாது. ஆனால் அது அடைத்துக்கொள்ளும், துருப்பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், காய்ந்து போகும். தேய்மானத்துக்கு வைத்தியம் வேறு; அடைப்புக்கு வைத்தியம் வேறு.

ஆகவே, முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நிறுத்திய அன்று கார் எப்படி இருந்தது?

அன்று புகை இல்லாமல், நன்றாக மேடு ஏறிய கார் என்றால், கொட்டகையில் நின்ற காலத்தில் அதன் போர் தேய்ந்திருக்க வழி இல்லை. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அன்றே ஆயில் குடித்துக்கொண்டு, நீலப் புகை விட்டுக்கொண்டு இருந்தது என்றால் கதை வேறு. இதைச் சொல்லக் கூடியவர்கள் பட்டறையில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்தக் காலத்து டிரைவர் யாராவது ஊரில் இருந்தால், அவரைத் தேடிப் போய்க் கேட்பது நல்லது.

அம்பாசடரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாராவில் தயாரித்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான் இதற்கு மூலம். 1958-ல் தொடங்கிய உற்பத்தி 2014-ல் நின்றது. மந்திரிகளும் கலெக்டர்களும் போனது இதில்தான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதில்தான்.

பழைய பெட்ரோல் அம்பாசடரின் என்ஜின் 1,489 சி.சி. கொண்டது. 4 சிலிண்டர்கள். சக்தி சுமார் 50 குதிரைச் சக்திதான். காரின் எடையோ ஒரு டன்னுக்கு மேல். இருக்கிற சக்தியே அளவானது என்பதால், அதில் சிறிது குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். புதுக் கார் ஓட்டிப் பழகிய பேரன் உட்கார்ந்து, "இழுக்கவே இல்லையே!" என்றால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தக் கார் அவ்வளவுதான் இழுக்கும். பழகியவர் ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என்ஜினைத் தொடாதீர்கள், காரைத் தள்ளுங்கள்!

இழுவை இல்லை என்றதும் எல்லோரும் பானெட்டைத் திறக்கிறார்கள். திறக்க வேண்டாம். காரைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, கைப் பிரேக்கை விடுவித்து, இரண்டு பேர் தள்ளிப் பார்க்க வேண்டும்.

கார் உருண்டு போனால் நல்லது. தள்ளுகிற இருவரும் நான்கு பேராகியும் நகர மறுத்தால், குற்றவாளி என்ஜின் அல்ல, பிரேக்!

கைப் பிரேக்கை இழுத்துவிட்டுக் காரை நிறுத்துவது வழக்கம். ஆண்டுக் கணக்கில் அப்படியே நின்றால், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கைப் பிரேக்கின் கேபிளும் துருப்பிடித்து இறுகிவிடும். இது பரவாயில்லை, பார்த்தாலே தெரியும்.

தெரியாத பிடிப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளும் சிறிய சிலிண்டர் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால், ஆயிலின் அழுத்தத்தால் அதில் உள்ள பிஸ்டன் வெளியே வந்து ஷூவைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் திரும்பி உள்ளே போய்விட வேண்டும். பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம்: காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் சிலிண்டருக்குள் துரு. துரு வந்தால் பிஸ்டன் திரும்பாது.

சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாயும் பொல்லாதது. வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். உள்ளே ஊதிப்போய், வழி அடைந்திருக்கும். மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வராது. எலிப்பொறிதான்!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காரை ஆளில்லாத சாலையில், பிரேக்கை அதிகம் மிதிக்காமல், இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது, சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலாக அடித்தால், பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் காருக்குப் போர் வேலை செய்வது, கட்டிய கயிற்றை அவிழ்க்காமல், "மாடு நடக்கவில்லை" என்று வைத்தியரைக் கூப்பிட்ட கதைதான். அது மட்டும் அல்ல. இழுவைக் குறைவால் கல்யாணத்துக்குத் தாமதமாகலாம். பிரேக் கோளாறால் உயிரே போகலாம். ஆகையால் பிரேக் ஆயிலையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றாமல், நின்ற காரை மேட்டில் ஏற்றிச் சோதிக்கவே கூடாது. ஏறுகிற கார் இறங்கவும் வேண்டும் அல்லவா?

மிதித்தது போய்ச் சேர்ந்ததா?

அடுத்த சோதனைக்குக் காசு செலவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். அதன் கதவு முழுதும் திறக்கிறதா?

பல கார்களில் பாதிதான் திறக்கும். இணைப்புக் கம்பி துருவேறி இறுகியிருக்கும். அல்லது, புதிதாகப் போட்ட கால் விரிப்பு மிதிக்கு அடியில் மடிந்து கிடக்கும். ஓட்டுகிறவர் முழு பலத்தோடு மிதிப்பதாக நினைத்துக்கொள்வார். என்ஜினுக்கோ பாதிச் செய்திதான் போய்ச் சேரும்.

பழைய பெட்ரோல், புதுப் பெட்ரோல்

காரை நிறுத்தும்போது டாங்கியில் இருந்த பெட்ரோல் இன்று பெட்ரோலாக இருக்காது. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோயிருக்கும். மிச்சம் இருப்பது பிசின் போன்ற சரக்கு. மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வராது. வார்னிஷ் வாடை வரும். அதன் மேல் புதுப் பெட்ரோலை ஊற்றினால், அந்தப் பிசினும், டாங்கியின் அடியில் உள்ள துருவும் தண்ணீரும் கலந்து கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டரின் ஜெட் துவாரமோ ஊசி முனை அளவு. ஒரு துரும்பு போதாதா, அதை அடைக்க?

ஆகவே பழைய பெட்ரோலை முழுதும் இறக்கிவிட வேண்டும். டாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும். கொஞ்சம் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுகிறவர்கள், வாரா வாரம் அதையே கழுவிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2022-ல் இந்தக் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2025-ல் 20 சதவீதம் ஆனது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். அந்தக் காலத்து ரப்பர் இதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. குழாய்கள் ஊறி உப்பும், பிறகு பொடிந்துபோகும். பெட்ரோல் பம்பில் உள்ள மெல்லிய டயாப்ரமும் கெட்டுவிடும்.

மேலும், ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்துவிடும். இதனால் மட்டுமே கார் மேட்டில் நின்றுவிடாது. ஆனால், ஏற்கெனவே ஜெட் பாதி அடைத்திருந்தால், நோயாளிக்குப் பட்டினியும் போட்டது போல ஆகிவிடும்.

பெட்ரோல் போதாமல் போகிறது என்பதை எப்படி அறிவது? மேட்டில் கார் திணறும்போது, சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்ததும் காருக்கு உயிர் வந்தது போல் இருந்தால், சந்தேகமே இல்லை: பெட்ரோல் போதவில்லை. சோக்கை இழுத்ததும் இன்னும் மோசமாகிக் கரும்புகை விட்டால், பெட்ரோல் போதுமான அளவோ அதற்கு மேலோ வருகிறது. இந்த ஒரு சோதனை எத்தனையோ வீண் செலவுகளை மிச்சப்படுத்தும்.

பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு முட்டி, ஓரமாக நிறுத்திக் காத்திருந்தால் மறுபடியும் ஓடுகிறதா? அப்படியானால் டாங்கியின் மூடியைப் பார்க்க வேண்டும். மூடியிலோ, அதன் அருகில் உள்ள குழாயிலோ காற்று புகுவதற்குச் சிறு வழி இருக்கும். தூசியும் துருவும் அதை அடைத்துவிடும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால், எண்ணெய் 'குபுக், குபுக்' என்று தயங்கித் தயங்கி விழும். எதிர்ப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராகக் கொட்டும். அதே கதைதான்! கார் நின்றதும் மூடியைத் திருகினால் 'உஸ்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தமே போதும், சாட்சி சொல்ல.

மூடியில் குற்றம் இல்லை என்றால், பெட்ரோல் பம்பு. மெக்கானிக்குகள் இதை 'ஏ.சி. பம்பு' என்பார்கள். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலில் விட்டு, என்ஜினைச் சுற்றினால், பெட்ரோல் விட்டு விட்டு, ஆனால் வேகமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டயாப்ரம் போய்விட்டது. இதை என்ஜின் ஆறியிருக்கும்போது, காயில் கம்பியைக் கழற்றிவிட்டு, விவரம் தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். பீடி, விளக்கு எதுவும் பக்கத்தில் ஆகாது.

எலியும் குளவியும்

காற்று வடிகட்டியைத் திறந்தால் சில வேளைகளில் வைக்கோல், பஞ்சு, கிழிந்த துணி எல்லாம் வரும். எலியோ அணிலோ குடித்தனம் நடத்தியிருக்கும். சைலன்சர் குழாயில் குளவி மண் கூடு கட்டியிருக்கும். சைலன்சருக்கு உள்ளே இருக்கும் தகடு துருவேறி இற்று விழுந்து, வழியை மூடியிருப்பதும் உண்டு. புகை வெளியே போக முடியாவிட்டால் புதுக் காற்று எப்படி உள்ளே வரும்? பின்னால் கையைக் காட்டிப் பார்த்தால் புகை வேகமாக அடிக்க வேண்டும்.

ஒன்று முக்கியம். இந்தச் சோதனைகளை எல்லாம் கொட்டகைக்கு உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு செய்யக் கூடாது. என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு விஷவாயு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயக்கம் வருவதே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். காரை வெளியே தள்ளி வைத்துவிட்டுத்தான் என்ஜினை ஓட்ட வேண்டும்.

நேரம் தப்பிய நெருப்பு

பெட்ரோலும் சரி, காற்றும் சரி. இன்னும் இழுக்கவில்லையா? நெருப்பைப் பார்க்க வேண்டும்.

பிளக்குகளைக் கழற்றினால் அவையே நாடி பார்த்துச் சொல்லிவிடும். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி பூசியது போல் இருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பசையாக இருந்தால்தான் ரிங்கின் மீது சந்தேகப்பட வேண்டும்.

பிறகு டெல்கோ. நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்து மின்சாரம் பங்கிடும் சாதனம் இது. இதற்குள் உள்ள பாயிண்டு, காற்றுப் பட்டுப் பட்டுச் சாம்பல் பூத்திருக்கும். அதைத் தேய்ப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். எல்லா மெக்கானிக்கும் அறிந்தது இது. பலர் பார்க்காமல் விடுவது அதற்குக் கீழே இருக்கிறது.

ஊஞ்சல் ஆட்டுகிறவர், சரியான நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலசாலியானாலும் ஊஞ்சல் ஆடாது. என்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் எரிய நேரம் வேண்டும். என்ஜினின் வேகம் கூடக் கூட, நெருப்புப் பொறி இன்னும் முன்னதாகவே விழ வேண்டும். இதற்காக டெல்கோவுக்குள் இரண்டு சிறிய எடைகள் இருக்கின்றன. வேகம் கூடும்போது அவை விரிந்து, பொறியை முன்னுக்குத் தள்ளும். பல ஆண்டுகள் நின்றால் அங்கே உள்ள கிரீஸ் காய்ந்து கல்லாகிவிடும். எடைகள் அசையாது.

விளைவு? நின்ற இடத்தில் என்ஜின் அழகாக ஓடும். மெதுவாகப் போகும்போதும் குறை தெரியாது. வேகம் எடுத்தால் மட்டும் பலம் இருக்காது; என்ஜின் சூடேறும். சூடேறுகிறது என்று ரேடியேட்டரை மாற்றியவர்களும் உண்டு, பாவம்!

இதற்கும் செலவில்லாத சோதனை உண்டு. என்ஜினை நிறுத்தி, டெல்கோவின் மூடியைக் கழற்றி, நடுவில் உள்ள ரோட்டரை விரலால் சிறிது திருகிவிட வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் விசையில் பழைய இடத்துக்கு ஓடி வர வேண்டும். மரம் போல நின்றால், காய்ந்த கிரீஸைக் கழுவி, இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னத் தகர டப்பி இருக்கும். கார்புரேட்டரில் இருந்து வரும் மெல்லிய குழாய் அதில் சேர்கிறது. குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சினால், பாயிண்டு உட்கார்ந்திருக்கும் தட்டு நகர வேண்டும். நகராவிட்டால், டப்பிக்குள் உள்ள சவ்வு கிழிந்துவிட்டது.

கடைசியாகத்தான் என்ஜின்

இவ்வளவும் பார்த்த பிறகும் கார் இழுக்கவில்லை என்றால், மெக்கானிக் சொன்னதைக் கேட்கலாம். அப்போதும், "கம்ப்ரஷன் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். அளக்காமல் சொல்வது ஜோசியம்!

என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராக மீட்டர் வைத்து அளப்பார்கள். நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மற்றவற்றைவிட பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், அவற்றின் நடுவில் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம்.

ரிங்கில் கோளாறு என்றாலும் உடனே போர் வேலைக்குப் போக வேண்டியது இல்லை. நின்ற என்ஜினில் ரிங் தேய்ந்திருப்பதைவிட, பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பிளக் துவாரம் வழியாகச் சிறிது ஆயில் விட்டு ஓர் இரவு ஊற வைக்கிறார்கள். மறுநாள் பிளக்குகளைப் போடாமலே ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றுகிறார்கள். புது ஆயில் மாற்றி, அவசரப்படாமல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி அளந்தால், அளவு ஏறியிருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஏறாவிட்டால், அப்போது என்ஜினை இறக்கிக்கொள்ளலாம். காலம் கடந்துவிடாது.

என்ஜின் 'உர்ர்' என்று உறுமுகிறது, ஆனால் கார் மட்டும் போகவில்லை என்றால் அது தனி விஷயம். கிளட்ச் வழுக்குகிறது. கைப் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டால் என்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட்டை மாற்ற வேண்டியதுதான். இந்தச் சோதனையின்போது காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

டயர்களையும் மறக்கக் கூடாது. பூ குறையவில்லை, புதுசு போல இருக்கிறது என்று சொல்வார்கள். 2000-க்குப் பிறகு செய்த டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். '2315' என்றால், 2015-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். பக்கங்களில் வெடிப்புக் கண்டிருந்தால், பூ எவ்வளவு இருந்தாலும் அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவது ஆபத்து.

கார் சரியாகி, மேம்பாலத்தையும் ஏறிவிட்டது என்றால், ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பார்க்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்காக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும்போது, இன்ஸ்பெக்டர் முதலில் மிதித்துப் பார்ப்பது ஆக்சிலேட்டரை அல்ல, பிரேக்கை.